நாலு நாட்டு மெஷின்களும் ஒரு கொப்பியும்

1

உங்கள் வரலாற்று வாத்தியாரும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் வாத்தியாரானார். நான் ஓ.எல். சோதனையில் கணக்கும் ஆங்கிலமும் தவறி, திரும்ப எழுதவும் இல்லை. போன மாதம் அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

"மச்சான், பத்தாம் வகுப்புப் பிள்ளையள் ஒரு கேள்வி கேட்டினம். ஜப்பான், கொரியா, சீனா எல்லாம் பக்கத்துப் பக்கத்து நாடுகள்தானே, பிறகு ஏன் தொழிலிலை ஒண்டு முந்தினது, மற்றது பிந்தினது எண்டு. நான் புத்தகத்திலை இருக்கிறதைச் சொன்னனான். நீ அந்த நாட்டு மெஷின்களோடை மாரடிக்கிற ஆள்தானே. பள்ளிக்கூடச் சஞ்சிகைக்கு நாலு பக்கம் எழுதித் தா."

அதுதான் எழுதுகிறேன். பிழைகளை வாத்தியார் திருத்துவார்.

நான் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். பிளாஸ்டிக் பக்டரி ஒன்றில் வேலை. சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மூடி செய்கிறோம். அரிசி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் மணிகளை மெஷின் உருக்கி, இரும்பு அச்சுக்குள்ளே தள்ளும். அச்சைச் சுற்றித் தண்ணி ஓடிக் குளிரவைக்கும். அச்சு திறக்க மூடி விழும். எவ்வளவு சூடு, எவ்வளவு தள்ளு, எத்தனை செக்கன் பிடித்து வைக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு செற்றர் என்று பெயர். நான் இங்கே செற்றராகச் சேர்ந்தவன். இந்தக் கிழமையோடு பதினாறு வருசம்.

எங்கள் பக்டரியில் மெஷின்கள் வந்த ஒழுங்கைப் பார்த்தாலே உங்கள் கேள்வியின் பாதி தெரியும். ஆகப் பழையதுகள் ஜப்பானில் செய்தவை. அதற்குப் பிறகு கொரியாவும் தாய்வானும். கடைசி வரிசை சீனா. ஒவ்வொன்றின் வயிற்றிலும் எங்கே செய்தது என்று தகடு அடித்திருக்கும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜப்பான் மெஷின். நான் வந்த நாளிலிருந்து அதோடுதான் நின்றேன். போன பிறகு நிலத்தில் எண்ணெய் ஊறின சதுரம் ஒன்று கிடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்தேன். அடுத்த நாள் அந்தச் சதுரத்தின் மேல் சீனா மெஷின் வந்து நின்றது.

2

என் மகள் அபிரா பன்னிரண்டாம் வகுப்பு. உங்களைவிட இரண்டு வயது மூப்பு. தமிழ் பேசினால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏழு வயதில் விட்டோம். ஒன்பது வயதில் நீச்சல் வகுப்பு அதே நேரத்தில் வந்தது. நீச்சல் வென்றது.

அவள் போன வருசம் இதே விசயத்தில் ஒரு கட்டுரை எழுதினவள் என்று மனைவி சொன்னாள். கேட்டேன்.

"அபிரா, ஊர்ப் பிள்ளையளுக்கு எழுதவேணும். ஜப்பான்காரர் கடும் உழைப்பாளியள், மற்றவை பிந்தித்தான் முழிச்சவை. உது சரிதானே?"

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, தட்ஸ் கைண்ட் ஒஃப் ரேசிஸ்ற்."

"நான் ஆரையும் கூடாமல் சொல்லேல்லையே."

"உங்கடை பக்டரியிலை ஆர் உழைக்கேல்லை? எல்லாரும்தானே உழைக்கினம். பிறகு ஏன் ஒருத்தருக்கு வீடு இருக்கு, ஒருத்தருக்கு இல்லை?"

"எங்களுக்கும் இல்லைத்தான்."

"எக்ஸாக்ற்லி."

கட்டுரையை எனக்கு அனுப்பிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். நான் அதை பஸ்ஸில் போகவர, போனில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அர்த்தம் பார்த்து, ஒன்பது நாளில் வாசித்து முடித்தேன். விளங்கினதைச் சொல்கிறேன்.

ஜப்பான், அமெரிக்கக் கப்பல் வந்து மிரட்டிய பிறகு திடீரென்று எழும்பின நாடில்லை. அதற்கு முந்தியே அங்கே கோயில் பள்ளிக்கூடங்களில் வியாபாரிகளின் பிள்ளைகளும் வயல் உழுகிற கமக்காரரின் பிள்ளைகளும் எழுத வாசிக்கப் படித்திருந்தார்கள். நாடு பல துண்டுகளாக, பல பிரபுக்களின் கையில் இருந்தது. ஒருவன் பீரங்கி வார்க்கப் பழகினால் பக்கத்துக்காரனும் பழகவேண்டி வந்தது. பிறகு பழைய ஆட்சியை மாற்றி, ஆட்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி, பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் செய்தார்கள். வெளிநாட்டு வாத்தியார்களைச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள். பழகினதும் திருப்பி அனுப்பினார்கள்.

சீனா மக்கு நாடில்லை. காகிதமும் வெடிமருந்தும் அங்கேதான் முதலில். ஆனால் மிகப் பெரிய நாடு. பழைய நூல்களைப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணினவர்கள்தான் அதிகாரிகள். புதுப் படிப்பு வந்தால் தங்கள் படிப்புக்கு மதிப்பில்லாமல் போகும் என்று அவர்களில் கனபேருக்குப் பயம். போர்க்கப்பலும் துவக்கும் வாங்கினார்கள், அதிகாரிகள் இருந்த கந்தோரை மாற்றவில்லை. அதோடு அபின் விற்க வந்தவர்களின் சண்டை, உள்நாட்டுக் கலகங்கள், பிறகு ஜப்பானின் படையெடுப்பு. அதற்குப் பிறகும் கதவைப் பூட்டி வைத்திருந்து, கடற்கரைப் பட்டினங்களில் இருந்துதான் மெல்லத் திறந்தார்கள்.

தாய்வானில் நிலத்தை உழுதவனுக்கே கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. கொரியாவில் அரசாங்கம் பெரிய கொம்பனிகளைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்கு விற்றுக் காட்டு, கடன் தருகிறேன் என்றது. ஆளுக்கொரு வழி.

இது அபிராவின் கட்டுரை. என்னுடையது இல்லை.

3

கொரியாவைப் பற்றி மிஸ்டர் ஹானிடம் கேட்டேன். அவர் மற்ற செற்றர், பின்னேர ஷிப்ற். வயது அறுபத்திரண்டு. நான் மூன்றேகாலுக்கு முடிக்க, அவர் மூன்று மணிக்கு வருவார். அந்தக் கால் மணித்தியாலம் சாப்பாட்டறையில் ஒன்றாக இருப்போம். நாங்கள் பேசுவது உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் என்னை சின்னா என்று கூப்பிடுவார். அது என் பெயரில்லை, அப்பாவின் பெயர். விமான நிலையத்தில் இறங்கின அன்று போமில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் சின்னத்துரை என்று எழுதினேன். அன்றிலிருந்து எல்லாக் கந்தோரிலும் நான் என் அப்பா.

"ஜப்பான் வேகமாகப் போனதென்று மகள் எழுதியிருக்கிறாள்," என்றேன்.

"போனது," என்றார் ஹான். கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டியைத் திறந்தார். "எங்கள் நாட்டைப் பிடித்து, எங்கள் முதுகில் ஏறிப் போனது. என் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்தப் பெயரைச் சொல்ல விடவில்லை. ஜப்பான் பெயர் கொடுத்தார்கள். ரயில் பாதை போட்டார்கள், அரிசியை ஏற்றிக்கொண்டு போக. பக்டரியில் எங்கள் ஆட்களுக்குத் தூக்கிற வேலை. திருகுகிற வேலை அவர்களுக்கு."

"ஏன் அப்படி?"

"எங்களுக்குத் திருகத் தெரிந்தால் ஜப்பான்காரன் தேவையில்லையே." சிரித்தார். "சின்னா, நீ எல்லாம் பழகினால் என்னையும் சேர் என்று கூப்பிடத் தேவையில்லாமல் போய்விடும்."

"நான் எப்ப உங்களை சேர் எண்டனான்?"

"அதுதான் சொல்கிறேன். மரியாதை குறைவு."

ஹான் கொரியாவில் இளமையில் ரீவிப் பெட்டியின் பிளாஸ்டிக் உடம்பு வார்த்தவர். ஜப்பான் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி, கழற்றி, ஒவ்வொரு துண்டையும் படம் கீறி, அதே மாதிரி ஒன்று செய்து பார்த்தார்களாம். முதலாவது எண்ணெய் கக்கினது. மூன்றாவது ஓடினது. படங்களைச் சுவரில் ஒட்டி வைத்தார்கள், துப்பரவு செய்கிற பெண் கூடப் பார்க்கலாம் என்றார்.

மணி அடித்தது.

4

இனி என் கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இதற்கு முந்தி நான் வேறொரு இடத்தில் வேலை செய்தேன். அங்கே புதிதாக வந்த ஒருவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் அவனை வைத்துக்கொண்டு என்னை நிற்பாட்டினார்கள். அபிராவுக்கு அப்போது ஒரு வயது.

அதனால் இங்கே வந்ததும் ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு அச்சுக்கும் சரியான அளவுகளை அதில் தமிழில் எழுதினேன். மெஷினில் தொங்குகிற தாளில் இருப்பது அச்சு வந்த நாளில் யாரோ எழுதின அளவு, அதை வைத்து நல்ல மூடி வராது. இந்த ஊரில் மாரியில் குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வரும், கோடையில் வெதுவெதுப்பாக வரும். தாளுக்கு அது தெரியாது, என் கொப்பிக்குத் தெரியும். தாளைத் திருத்தும்படி யாரும் கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை. தமிழ் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வருசம் கார்த்திக் வந்தான். கோயம்புத்தூர்ப் பொடியன், இஞ்சினியர். எனக்கு மேலே. மெஷின் மாறின கிழமை என்னிடம் வந்தான்.

"அண்ணா, ஏழுல ஓடுன அந்த மூடி அச்சை புது மெஷின்ல போட்டிருக்கோம். ஓரமெல்லாம் பிசிறு அடிக்குது. உங்க நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

கொப்பி விரித்தபடி மேசையில் கிடந்தது. மூடுவதற்குள் குனிந்து வாசித்துவிட்டான்.

"'மாரியில் மீசை வந்தால் பிடியைக் குறை, பள்ளம் விழுந்தால் கூட்டு.' யாருண்ணா இது, மாரி?"

"அது மழைக்காலம், தம்பி. இங்கை குளிர்காலத்தைச் சொல்லுறன்."

"மீசை?"

"அது என்ரை சொந்தக் குறிப்பு." கொப்பியை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன்.

அவன் கதிரையை இழுத்துப் போட்டான். "அண்ணா, ஓப்பனா சொல்லிடுறேன். ரெண்டு வாரத்துல இந்த மூடி ரெண்டு ஷிப்ட்லயும் சுத்தமா வரலைன்னா, அச்சை வேற பிளான்ட்டுக்கு அனுப்பிடுவாங்க. அச்சு போனா அந்த வரிசையே போச்சு. வந்தாலும், புது மெஷினுக்கு ஒரு செட்டர் போதும்னு மேல சொல்றாங்க. நீங்க இல்லைன்னா ஹான். நான் முடிவு பண்றதில்ல."

"விளங்குது," என்றேன்.

5

இந்தப் பகுதியை எழுதவேண்டாம் என்று மனைவி சொன்னாள். பிள்ளைகள் வாசிக்கிறது என்றாள். பிள்ளைகள் வாசிப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் கொப்பியைக் கொடுக்கவில்லை. புது மெஷின் மின்சாரத்தில் ஓடுகிறது, பழையது எண்ணெயில். அளவுகள் அப்படியே பொருந்தாது. ஆனால் எது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். மூன்றாம் நாள் நான் பிடித்துவிட்டேன். என் ஷிப்றில் மூடி கண்ணாடி மாதிரி விழுந்தது. மூன்று மணிக்கு ஹான் வர முந்தி, அளவுகளைத் தாளில் உள்ளபடி திருப்பி வைத்தேன்.

அவருடைய ஷிப்றில் ஓரமெல்லாம் மீசை. பழுதானவை பெட்டி பெட்டியாகத் திரும்ப அரைக்கப் போயின.

"சின்னா, நீ என்ன வைத்தாய்?" என்று கேட்டார்.

"தாளில் இருக்கிறதுதான்."

"அதே அளவு எனக்கு ஓடவில்லையே."

"பின்னேரம் தண்ணிக்குக் குளிர் கூடுதல்," என்றேன். அது பாதி உண்மை.

அவர் தலையாட்டினார். நான் பஸ் ஏறினேன். வீட்டில் சாப்பிட்டேன், படுத்தேன். உள்ளுக்கு ஏதும் குத்தியதா என்று கேட்டால், இல்லை. மரத்த பல்லில் நாக்கை வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. இப்படி எட்டு நாள்.

எட்டாம் நாள் கார்த்திக் ஹானை எல்லோருக்கும் முன்னால் கேட்டான். "காலைல ஓடுற மெஷின் உங்க கையில மட்டும் ஏன் ஓடல?" ஆங்கிலத்தில் கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான். ஹான் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தார். "நான் கிழவனாகிவிட்டேன் போலிருக்கிறது," என்றார்.

அன்று பஸ்ஸில் கட்டுரையின் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. ஏற்கெனவே அறிவும் பதவியும் வைத்திருந்தவர்கள், அதைப் பகிர்ந்தால் தங்கள் இடம் போய்விடும் என்று நம்பிய இடங்களில் மாற்றம் பிந்தியது, அவர்களின் பயம் பொய்ப் பயமும் இல்லை, சிலருக்கு உண்மையாகவே இடம் போனது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ரீச்சர் சிவப்பில் நல்லது என்று போட்டிருந்தார்.

நான் இறங்கவேண்டிய தரிப்பில் இறங்கினேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அபிராவின் அறைக் கதவைத் தட்டினேன்.

"நான் வாசிக்கிறன், நீ இங்கிலீஷிலை ரைப் பண்ணித் தாறியே?"

"எவ்வளவு பக்கம்?"

"எண்பது மட்டிலை."

"அப்பா." அவள் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். ஒரு எழுத்தும் தெரியாமல் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். "இது எல்லாம் நீங்கள் எழுதினதே? எப்ப?"

"வேலை நேரத்திலைதான்."

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தோம். நான் வாசித்துச் சொல்ல, அவள் கொம்பியூட்டரில் அடித்தாள்.

"மீசை எண்டால்?"

"அச்சு இறுக்கமா மூடாட்டி ஓரத்தாலை மெல்லிசா பிதுங்கி வாறது. பிளாஷ் எண்டு சொல்லுவினம்."

"மீசை இஸ் பெட்டர்," என்றாள். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்தினாள். "இதிலை பக்கத்திலை 'ஏன்' எண்டு தனியா ஒரு கொலம் போடுவம். குறைக்கச் சொல்லுறியள், ஏன் குறைக்கவேணும் எண்டு இல்லை. 'ஏன்' இல்லாட்டி என்ரை ரீச்சர் மார்க்ஸ் வெட்டுவா."

"பக்டரியிலை ஆர் மார்க்ஸ் போடுறது?"

"சும்மா சொல்லுங்கோ அப்பா. ஏன்?"

ஏன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. தண்ணி குளிர்ந்தால் பிளாஸ்டிக் விளிம்புக்குப் போகமுந்தி இறுகிவிடும், அப்போது ஆட்கள் தள்ளைக் கூட்டுவார்கள், கூட்டினால் மீசை வரும், கூட்டாமல் அச்சின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றவேண்டும் என்று சொன்னேன். அவள் அடித்தாள். இரண்டு ஞாயிறுக்கு வேண்டிய வேலை, அன்று பொழுதுபடும் வரைக்கும் இருந்து, புது மெஷினுக்கு வேண்டிய பதினாலு பக்கத்தை முடித்தோம். முடிந்ததும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அடுத்த நாள் சோதனை.

7

திங்கட்கிழமை ஒரு பிரதியைக் கார்த்திக்கிடம் கொடுத்தேன். இன்னொன்றைப் பழைய தாளைக் கழற்றிவிட்டு மெஷினில் தொங்கவிட்டேன்.

ஹான் மூன்று மணிக்கு வந்து, நின்றபடி முழுவதையும் வாசித்தார். நான் அன்று ஒன்றையும் திருப்பி வைக்கவில்லை. திரையில் இருந்த அளவும் தாளில் இருந்த அளவும் ஒன்றாக இருந்தன. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது உனக்கு எப்போது தெரியும்?"

"மூன்றாம் நாளில் இருந்து."

"அப்ப எட்டு நாள்."

"எட்டு நாள்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கையுறையைப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் போனார். சாப்பாட்டறைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வருவதில்லை.

இரண்டு ஷிப்றிலும் மூடி சுத்தமாக வந்தது. அச்சு எங்கேயும் போகவில்லை, வரிசை நிற்கிறது. வெள்ளிக்கிழமை கார்த்திக் என்னைக் கூப்பிட்டான். புது மெஷினுக்கு ஹானை வைத்திருக்கிறார்கள். அவர் எனக்கு முந்திச் சேர்ந்தவர். எனக்கு அதே மெஷினின் மற்றப் பக்கத்தில் பெட்டி அடுக்குகிற வேலை.

"அண்ணா, அந்தத் தாளை நீங்கதான் கொடுத்தீங்கன்னு மேல எழுதிப் போட்டேன். கணக்குல எடுக்கல. சாரி."

"பரவாயில்லை தம்பி."

வேலை மாற்றப் போமில் கையெழுத்து வைத்தேன். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை பதினாறு வருசத்துக்கு முந்தி வைத்த மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. கெட்டித்தனம் எல்லா நாட்டிலும் இருந்தது. ஒரு நாட்டில் படித்ததை எல்லாருக்கும் விளங்க எழுதி வைத்தார்கள். ஒரு நாட்டில் பூட்டி வைத்தார்கள். ஒரு நாட்டில் எழுதுகிற கையையே மற்றவன் பிடித்து வைத்திருந்தான். சண்டையும் கடனும் காலமும் மிச்சத்தைச் செய்தன. பூட்டி வைத்தவர்களை மூடர் என்று சோதனைத் தாளில் எழுதாதேயுங்கோ. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். ஆனால் பூட்டினதால் நடந்ததையும் எழுதுங்கோ.

நேற்று என் ஷிப்ற் முடிகிற நேரம் ஹான் மெஷினடியில் நின்று தாளில் ஏதோ எழுதினார். அவர் அப்பால் போனபிறகு போய்ப் பார்த்தேன். மாரி அளவில் ஒன்றைப் பென்சிலால் வெட்டி, வேறொரு எண் போட்டிருந்தார். பக்கத்தில் 'ஏன்' என்ற இடத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரி. பிடிக்கிற நேரத்தை நான் இவ்வளவு காலமும் அரைச் செக்கன் கூடுதலாக வைத்திருந்தேன் என்று அதில் இருந்தது.

அவர் சொன்னது சரி. பெல்ற்றில் வந்த மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னுடையதைவிட நல்லாக இருந்தது. அதைப் பெட்டியில் மற்றவைகளோடு அடுக்கினேன்.